யு.எஸ்.டி.டி. விற்றேன், கணக்கை முடக்கிவிட்டார்கள்

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணிக்கடை வைத்திருக்கிறேன். கையிலிருந்த யு.எஸ்.டி.டி.யை (டாலர் மதிப்பையொட்டிய கிரிப்டோ நாணயம்) ஆப்பில் பி2பி முறையில், அதாவது நேரடியாக இன்னொரு ஆளுக்கு, 38,000 ரூபாய்க்கு விற்றேன். மூன்றாம் நாள் கணக்கு மொத்தமும் முடக்கம். வெளிமாநில சைபர் போலீஸ் உத்தரவாம். 15,000 கொடுத்தால் ஒரே வாரத்தில் எடுத்துத் தருகிறேன் என்கிறார் பாரிமுனையில் ஒருவர். கொடுக்கலாமா?

பதில்: ஒரு பைசா கொடுக்காதீர்கள். இந்த ஆட்கள் முத்திரை குத்திய ‘என்.ஓ.சி.’ (போலீசின் ஆட்சேபணை இல்லாச் சான்று) ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். அதை வங்கியில் நீட்டினால், போலி ஆவணம் கொடுத்தவர் நீங்கள். காசிமேட்டிலிருந்து வந்த ஒருவர் காட்டிய தாளில் மாநிலத்தின் பெயரிலேயே எழுத்துப்பிழை! ‘புகார்தாரருக்குப் பணத்தைத் திருப்பிவிடுங்கள்’ என்று யாராவது ஜிபே நம்பர் தந்தால், அதற்கும் அனுப்பாதீர்கள்.

நடந்தது இதுதான். எங்கோ ஏமாந்த ஒருவர் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு போன் போட்டிருக்கிறார். அவர் பணம் நாலு கை மாறி உங்களிடம் வந்திருக்கிறது. கிரிப்டோ விற்றது குற்றமில்லை. கிரிப்டோ வியாபாரத்துக்கு வங்கிகள் சேவை தரக் கூடாது என்ற ரிசர்வ் வங்கியின் தடையை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சிலேயே ரத்து செய்துவிட்டது. 2022-லிருந்து லாபத்தில் 30 சதவீதம் வரியும் பிடுங்குகிறார்கள். வரி வாங்கும்போது இருக்கிற வேகம், மெயிலுக்குப் பதில் போடும்போது மட்டும் எங்கே போகிறதோ!

ஆப்பில் அந்த ஆர்டரைத் திறந்து பாருங்கள். வாங்கியவர் பெயர் ஒன்று, பணம் போட்ட யு.பி.ஐ. பெயர் வேறு என்றிருந்தால் கோளாறு அங்கேதான். ஆர்டர், சாட், ஸ்டேட்மென்ட் மூன்றையும் பிரதி எடுங்கள். புகார் எண், எந்த ஸ்டேஷன், எவ்வளவு தொகை என்று வங்கியில் எழுத்தில் கேளுங்கள். ‘மேலேயிருந்து வந்தது சார்’ என்பார்கள். நகலில் சீல் வாங்காமல் நகராதீர்கள்.

பிறகு அந்த ஸ்டேஷனுக்கு மெயில், கூடவே பதிவுத் தபால். 38,000-ஐ மட்டும் நிறுத்திவைத்து மீதியை விடச் சொல்லுங்கள். தொகையைச் சொல்லாமல் முழுக் கணக்கையும் முடக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-லேயே சொல்லியிருக்கிறது. பதில் வராவிட்டால் வக்கீல் வைத்து உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடுங்கள். பாரிமுனைக்கு எப்படியும் வருகிறீர்கள், தரகரைத் தாண்டி எதிரே பாருங்கள், அதுதான் கோர்ட்.

ஒன்று மட்டும் மறைக்காமல் யோசியுங்கள். மச்சான் கேட்டார், நண்பர் கேட்டார் என்று கமிஷனுக்குக் கணக்கையோ, ஏ.டி.எம். கார்டையோ, சிம்மையோ எப்போதாவது கொடுத்தீர்களா? ஒரே ஒரு தடவை என்றாலும், ஐந்நூறு ரூபாய்க்கு என்றாலும், கார்டு மறுநாளே திரும்பி வந்துவிட்டது என்றாலும், மேலே சொன்ன எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. போலீசுக்கு நீங்களாக ஒரு வரிகூட எழுதாதீர்கள், முதலில் வக்கீல்.

கடை கல்லாவில் ஒட்டியிருக்கும் க்யூ.ஆர். அட்டையை இன்றைக்கே கிழித்துவிட்டு வேறு கணக்கின் அட்டையை ஒட்டுங்கள். முடங்கிய கணக்கிலும் பல நேரம் பணம் உள்ளே போகும், வெளியேதான் வராது.