தங்க முட்டியில தங்கம் எத்தனை குண்டுமணி?

போன மாசம் உடம்புக்குள்ள வைக்கிற ஸ்டீல், டைட்டானியம் பத்தி எழுதியிருந்தேன், அதுக்கு வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல கோட்டிங் பத்திதான். நான் மெட்டலர்ஜி படிச்ச ஆளு, டாக்டர் கிடையாது, அத மனசுல வச்சுக்கிட்டு படிங்க.

கேள்வி: அம்மாவுக்கு 67 வயசு, ரெண்டு முட்டியும் மாத்தணும்னு சொல்லிட்டாங்க. சாதா முட்டி ஒரு ரேட்டு, கோல்டு முட்டி அதவிட ரொம்ப ஜாஸ்தி, ஆனா ஆயுசுக்கும் வரும்ங்கறாங்க. நெஜமாவே தங்கமா? அம்மாவுக்கு கவரிங் கம்மல் போட்டா காது புண்ணாயிடும், அதனால இதுதான் சேரும்னும் சொல்றாங்க.
– வாசகி, திண்டுக்கல்

பதில்: ஒரு குண்டுமணி தங்கம் கூட கிடையாதும்மா. அந்த மஞ்ச கலர் டைட்டானியம் நைட்ரைடு. ஹார்டுவேர் கடைல மஞ்சளா ட்ரில் பிட் தொங்குமே, அது மேல இருக்கறதும் இதேதான். வேக்குவம் சேம்பருக்குள்ள டைட்டானியத்த ஆவியாக்கி நைட்ரஜனோட சேத்து படிய விடுவாங்க, மொத்த கனமே சில மைக்ரான்தான், நம்ம தலைமுடி ஒண்ணு சுமாரா 70 மைக்ரான் இருக்கும்னா பாத்துக்கங்க. உள்ள இருக்கறது பெரும்பாலும் சாதா முட்டில இருக்கற அதே கோபால்ட் குரோம் உலோகக் கலவை, அதுல துளி நிக்கலும் இருக்கும்.

அந்த பூச்சுக்கு வேலை ரெண்டு. உள்ள இருக்கற கோபால்ட், குரோமியம், நிக்கல் கசிஞ்சு வெளிய வர்றத கொறைக்கணும், மேல்பரப்பு கீறாம பாத்துக்கணும். ரெண்டையும் லேபுல அளந்து காட்டிடலாம், பொய் இல்ல. ஆனா மாத்துன முட்டில முக்கியமா தேயறது உலோகம் இல்ல, நடுவுல வைக்கிற பாலிஎத்திலீன் பிளாஸ்டிக். அதுபோக பூச்சு போட்டது, போடாதது ரெண்டையும் வருஷக்கணக்குல ஒப்பிட்டுப் பாத்த ஆய்வுகள்ல வலியிலயோ நடையிலயோ சொல்லிக்கற மாதிரி வித்தியாசம் தெரியல. அதனால ஆயுசுக்கும் வரும்ங்கற பேச்சுக்காக மட்டும் காசு கூட குடுக்காதீங்க, யாரு வைக்கிறாங்க, எவ்ளோ நேரா வைக்கிறாங்கங்கறதுதான் அதவிட பெரிய விஷயம்.

கம்மல் விஷயத்துக்கு வருவோம். அது நிக்கல் அலர்ஜி, நெறய பொம்பளைங்களுக்கு இருக்கறதுதான். தோல்ல அரிக்குதுன்னா முட்டிக்குள்ளயும் அரிக்கும்னு அர்த்தம் இல்ல, முதுகுல ஒட்டிப் பாக்கற பேட்ச் டெஸ்ட் கூட உள்ள வச்ச முட்டி எப்படி போகும்னு சரியா சொல்லிடாது. இருந்தாலும் சர்ஜன்கிட்ட முன்னாடியே கண்டிப்பா சொல்லிடுங்க, ஏன்னா பூச்சு இல்லாம இன்னொரு வழியும் இருக்கு, ஆக்சிடைஸ்டு சிர்கோனியம். கருப்பா பளபளன்னு இருக்கும். சிர்கோனியம் நியோபியம் கலவைய காத்துல வச்சு சூடு பண்ணுனா மேல்தோல் மட்டும் சுமார் 5 மைக்ரானுக்கு செராமிக்கா மாறிடும், மேல கொண்டுவந்து ஒட்டுனது இல்ல, அதுக்குள்ளேருந்தே வளந்தது, அதனால ஏடு ஏடா உரியற பயம் கம்மி. எனக்கு இது மேல கொஞ்சம் பாசம் ஜாஸ்தி, இஞ்சினியர் புத்தி.

விலைக்கு ஒண்ணு சொல்லிடறேன். 2017 ஆகஸ்ட்ல தேசிய மருந்து விலை ஆணையம் முட்டி இம்ப்ளான்ட்டுக்கு உச்சவரம்பு போட்டுச்சு, கோபால்ட் குரோம் செட்டு 54,720 ரூபா, டைட்டானியம் கலவை, ஆக்சிடைஸ்டு சிர்கோனியம் மாதிரி ஸ்பெஷல் மெட்டல்னா 76,600, ஜிஎஸ்டி தனி. அதுக்கப்பறம் நம்பர் மாறியிருக்கு, அதனால இப்ப என்னன்னு பாத்துட்டு, பில்லுல இம்ப்ளான்ட் வெலைய தனியா போடச் சொல்லுங்க. பெட்டில ஒட்டியிருக்கற லாட் நம்பர் ஸ்டிக்கர் ஒண்ணையும் வாங்கி ஃபைல்ல ஒட்டி வைங்க, பின்னாடி ஏதாச்சும் ஒண்ணுன்னா உள்ள என்ன இருக்குன்னு சொல்ல அதுதான் சாட்சி.

கேள்வி: பைக் ஆக்சிடென்ட்ல கால்ல டைட்டானியம் ப்ளேட் வச்சாங்க. ஆபரேஷனுக்கு முன்னாடி காட்டுனப்ப ப்ளேட் நீலக்கலர், ஸ்க்ரூ பச்ச. அந்த பெயின்ட் உரிஞ்சு ரத்தத்துல கலந்துடுமா? துரு பிடிக்குமா?
– வாசகர், சேலம்

பதில்: பெயின்ட்டே இல்ல சார் அது. டைட்டானியத்த ஒரு கரைசல்ல போட்டு கரன்ட் குடுத்தா மேல ஆக்சைடு ஏடு வளரும், வோல்டேஜ் ஏத்த ஏத்த கனம் கூடும், கனத்துக்கு ஏத்த மாதிரி வெளிச்சம் பட்டு நீலம், தங்கம், பச்சன்னு தெரியும். மழைத்தண்ணில பெட்ரோல் சிந்துனா ரோட்டுல வானவில் தெரியுமே, அதே கதைதான். ஏடு நெறமே இல்லாதது, சாயம் ஒரு சொட்டு கிடையாது. ஆபரேஷன்ல சைஸ் மாறிடாம டக்குனு எடுக்கத்தான் கம்பெனிங்க கலர் கலரா பண்றாங்க.

அப்படி வளக்கலன்னாலும் டைட்டானியம் காத்து பட்டதும் தானாவே சில நானோமீட்டருக்கு ஒரு ஏடு போத்திக்கும், கீறுனாலும் அந்த எடத்துல ஒடனே திரும்ப மூடிக்கும். துரு பயம் வேணாம். ஸ்டீல் ப்ளேட்டா இருந்தா கொஞ்சம் வேற கதை, அதுக்கு குரோமியம் ஆக்சைடு ஏடு உண்டு, ஆனா ஸ்க்ரூ தலையும் ப்ளேட்டும் உரசற சந்துல உப்புத்தண்ணி தேங்கி அரிக்கறது நடக்கும். வலி, வீக்கம் இல்லன்னா ப்ளேட்ட எடுக்கணுமா வேணாமாங்கறத உங்க டாக்டர் முடிவு பண்ணட்டும்.

கேள்வி: அப்பாவுக்கு மருந்து தடவுன ஸ்டென்ட் வச்சிருக்கு. மருந்து தீந்துட்டா வேற வைக்கணுமா?
– வாசகி, தாம்பரம்

பதில்: வேணாம். ஸ்டென்ட்ங்கறது அடச்ச ரத்தக்குழாய தொறந்து வைக்கிற சின்ன வலைக்குழல். அத வச்ச எடத்துல காயம் ஆறும்போது சதை ஓவரா வளந்து திரும்ப அடச்சிடும், அத தடுக்கத்தான் மருந்து, பெரும்பாலும் மொத ஒண்ணு ரெண்டு மூணு மாசத்துக்குள்ள கசிஞ்சு முடிஞ்சிடும், அதுக்குத்தான் அப்படி பண்ணியிருக்காங்க. 2003ல அமெரிக்கால அனுமதி வாங்குன மொத மருந்து ஸ்டென்ட்ல இருந்தது சிரோலிமஸ், ஈஸ்டர் தீவு மண்ணுல இருந்த பாக்டீரியாலேருந்து எடுத்தது. அதுல சிக்கல் மருந்து இல்ல, மருந்த புடிச்சு வச்சிருந்த பாலிமர் பூச்சு, மருந்து போன பின்னாடியும் அது அங்கயே கெடக்கும். 2006 வாக்குல, வருஷம் கழிச்சு ஸ்டென்ட்ல ரத்தம் உறையுதுன்னு பெரிய கலவரமே நடந்துச்சு. அப்பறம்தான் தானா கரையற பாலிமர், பாலிமரே இல்லாத ஸ்டென்ட் எல்லாம் வந்துச்சு. ரத்தம் உறையாம இருக்க குடுக்கற மாத்திரைய மட்டும் அப்பா தன்னிஷ்டத்துக்கு நிறுத்தாம பாத்துக்கங்க, "நல்லாத்தான இருக்கேன்"னு நிறுத்தறவங்க ஊர்ல நெறய பேர்.

கேள்வி: பிஇ மெட்டலர்ஜி கடைசி வருஷம். டைட்டானியம் மேல ஹைட்ராக்ஸிஅபடைட்ல வெள்ளி கலந்து கோட்டிங் போடற புராஜெக்ட். கிருமி சாகறத காட்டிட்டா போதும்ங்கறான் பார்ட்னர். போதுமா சார்?
– மாணவர், மதுரை

பதில்: போதாது தம்பி. ஐடியா நல்லாருக்கு. எலும்புல இருக்கற தாதுவும் ஹைட்ராக்ஸிஅபடைட் வகைதான், அதனால எலும்பு அதோட நல்லா சேரும், 1985லயே லண்டன்ல ரொனால்ட் ஃபர்லாங்னு ஒரு சர்ஜன் அந்த பூச்சு போட்ட இடுப்பு மூட்ட வச்சாரு. வெள்ளியும் புதுசு இல்ல, கேன்சர் கட்டி எடுத்த எடத்துல வைக்கிற பெரிய மூட்டுல வெள்ளி பூச்சு போடறாங்க, ஏன்னா அங்க சீழ் புடிக்கற வாய்ப்பு ஜாஸ்தி. 1987ல கிரிஸ்டினான்னு ஒரு அமெரிக்க டாக்டர் எழுதுனாரு, உள்ள வச்ச ஒடனே அந்த பரப்பு யாருக்குன்னு நம்ம செல்லுக்கும் கிருமிக்கும் போட்டி நடக்குதுன்னு. அப்ப கிருமி செத்துச்சான்னு மட்டும் பாத்தா பத்துமா? வெள்ளி ஜாஸ்தியானா எலும்பு செல்லும் சாகும். ஒரே சாம்பிள்ல ரெண்டையும் காட்டணும்.

அதவிட முக்கியம், ஒட்டு. 1990கள்ல ஐரோப்பால வைரம் மாதிரி கெட்டியான கார்பன் பூச்சு போட்ட இடுப்பு மூட்டு வந்துச்சு, லேபுல பிரமாதம், உடம்புக்குள்ள சில வருஷத்துல பூச்சு உரிஞ்சு நெறய பேருக்கு திரும்ப ஆபரேஷன் ஆச்சு. பூச்சு கெட்டியாதான் இருந்துச்சு, ஊசித்துளை ஓட்டை வழியா தண்ணி எறங்கி பிடிமானத்த அடில அரிச்சுடுச்சு. நீங்க ஹைட்ராக்ஸிஅபடைட்ட பிளாஸ்மா ஸ்ப்ரே பண்ணுனா 50 மைக்ரான் பக்கம் நில்லுங்க, கனமா போட்டா விரிசல் விடும். பசை போட்டு இழுத்துப் பாக்கற டெஸ்ட்ல ஐஎஸ்ஓ கேக்கறது கொறஞ்சது 15 மெகாபாஸ்கல். காரைக்குடில சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) இருக்கு, அரிமானம் கோட்டிங் ரெண்டுலயும் பழுத்தவங்க, காலேஜ் லெட்டர்ஹெட்ல முறையா எழுதிக் கேளுங்க. சாம்பிள்ல பாதிய அப்படியே இழுங்க, மீதிய ரத்த உப்பு கரைசல்ல 37 டிகிரில ரெண்டு மூணு வாரம் ஊறப்போட்டு அப்பறம் இழுங்க, ரெண்டு நம்பரையும் ரிப்போர்ட்ல பக்கத்துல பக்கத்துல போடுங்க. வைவால மொத கேள்வியே அதுலேருந்துதான் வரும்.