கொடைக்கானல் செல்லும் செட்டிநாட்டுக் குடும்பம் அங்கே எதைச் சாப்பிடலாம், எதைக் குடிக்கலாம்?

காரைக்குடியிலிருந்து வயதான அப்பச்சியையும் ஆத்தாவையும் அழைத்துக்கொண்டு மூன்று நாள் கொடைக்கானல் செல்லவிருப்பதாகவும், அங்கே நம் ஊர்ச் சமையல் எங்கே கிடைக்கும், குடிப்பதற்கு நல்லதாக என்ன உண்டு என்றும் கேட்டிருக்கிறீர்கள். தேவகோட்டையில் வசிக்கும் நான் அந்த மலைக்கு விரும்பிச் செல்பவன். சாப்பாட்டுக்காகவே செல்பவன் என்றும் சொல்லலாம். அந்த அனுபவத்தில் என் பதில் இதுதான்: நம் ஊர்ச் சமையலை அங்கே தேடாதீர்கள். பெயர்ப்பலகையில் ‘செட்டிநாடு’ என்று எழுதிய கடைகள் அங்கும் இருக்கின்றன. ஆனால் வீட்டில் அன்றாடம் அரைத்த மசாலையில் சமைத்துச் சாப்பிடுபவர்களுக்கு அவற்றால் நிறைவு ஏற்படாது. நம் சமையலறையின் மணத்துக்குக் காரணமான மிளகும் கல்பாசியும் மலைகளிலிருந்து நமக்கு இறங்கி வருபவை. அவை விளையும் நிலத்துக்கே போகும்போது, அந்த நிலம் தருவதை அங்குள்ளவர்கள் உண்ணும் முறையிலேயே உண்பதுதான் பயணத்தின் பயன்.

இதற்கு மலை உச்சி வரை காத்திருக்க வேண்டியதில்லை. திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாக வத்தலக்குண்டை அடைந்து மலைச்சாலையில் ஏறத் தொடங்கினால், ஏறும் உயரத்துக்கு ஏற்பச் சாப்பாட்டுப் பொருளும் மாறிக்கொண்டே வருவதைச் சாலையோரக் கடைகளிலேயே பார்க்கலாம். பழனி மலைத்தொடரின் கீழ்ப்பகுதியான பண்ணைக்காடு, தாண்டிக்குடி வட்டாரத்தில் காபி, மிளகு, மலைவாழை, சவ்சவ், நாம் பட்டர் ஃப்ரூட் என்று சொல்லும் வெண்ணெய்ப்பழம் ஆகியவை விளைகின்றன. அதற்கு மேலே, சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலையும் அதைச் சுற்றியுள்ள பூம்பாறை, மன்னவனூர் போன்ற ஊர்களையும் அடையும்போது காபியும் வாழையும் மறைந்து, பூண்டு, கேரட், உருளைக்கிழங்கு, பீன்ஸ், பேரிக்காய், பிளம்ஸ் என்று விளைச்சலே வேறாகிவிடுகிறது. ஒரே நாளில், ஒரே சாலையில் இத்தனை மாற்றத்தை நாவால் உணர முடிவது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

முதலில் மலைவாழையைச் சொல்லிவிடுகிறேன். விருப்பாட்சி, சிறுமலை ஆகிய இரண்டு மலைவாழை வகைகளும் 2008-ஆம் ஆண்டிலேயே புவிசார் குறியீடு பெற்றவை. முடிக்கொத்து நோய் தாக்கித் தோட்டங்கள் பேரளவில் அழிந்து, பின்னர் மெல்ல மீட்கப்பட்ட பயிர் இது. தோல் கறுத்துச் சுருங்கியிருப்பதைப் பார்த்து வேண்டாமென்று ஒதுக்கிவிடாதீர்கள். அந்த நிலையில்தான் பழத்தின் இனிப்பும் மணமும் முழுமை பெறுகின்றன. நீர்ச்சத்து குறைந்த பழமாதலால் வழியில் நசுங்காது, வயதானவர்களுக்கும் ஒத்துக்கொள்ளும்.

அடுத்தது காபி. உங்கள் பயணத்தில் அரை நாளை இதற்காகவே ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஊத்து என்ற இடத்தில் கொடைக்கானல் சாலையை விட்டுப் பிரிந்தால் பண்ணைக்காடு வழியாகத் தாண்டிக்குடிக்குப் போகலாம். அங்கே அராபிகா காபிச் செடிகள் சில்வர் ஓக் மரங்களின் நிழலில் வளர்கின்றன. அந்த மரங்களின் மேலேயே மிளகுக் கொடியும் ஏறிப் படர்ந்திருக்கும். கோடை மழைக்குப் பின் காபி பூக்கும்போது மல்லிகையை ஒத்த மணம் சாலை வரை வரும். நவம்பரிலிருந்து சனவரி வரை சென்றால் சிவந்த பழங்களைப் பறிப்பதைக் காணலாம். அங்குள்ள சிறிய கடைகளில், அந்த வட்டாரத்துக் கொட்டையையே வறுத்து அரைத்த தூளில் போட்ட காபியை முதலில் பால் சேர்க்காமல், சிறிதளவு கருப்பட்டியோ சர்க்கரையோ சேர்த்துக் குடித்துப் பாருங்கள். சிக்கரி கலந்த கெட்டி டிகாக்ஷனுக்குப் பழகிய நமக்கு அது முதலில் மெலிதாகத் தோன்றும். இரண்டாவது மடக்கில் அதன் இளம் புளிப்பும் பழ வாசனையும் தெரியத் தொடங்கும்.

இங்கே ஒரு நுட்பத்தையும் குறிப்பிட வேண்டும். உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைவதால், கொடைக்கானலில் தண்ணீர் ஏறத்தாழ 93 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். அதனால் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகத் தாமதமாகிறது. பிரஷர் குக்கர் இல்லாத சிறு கடையில் சாம்பார் சற்று நறுநறுப்பாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் காபித்தூளின் சாரத்தை இறக்குவதற்கு அந்த வெப்பம் மிகப் பொருத்தமானது. ஆகவே மலையில் மதியச் சாப்பாட்டுக்குப் பெரிய, கூட்டமுள்ள உணவகத்தையும், காபிக்கு எந்தச் சிறு கடையையும் தயங்காமல் நாடலாம்.

இனி ஊருக்குள் வருவோம். 1845-இல் அமெரிக்கக் கிறித்தவ ஊழியர்கள் வெயிலுக்கு ஒதுங்க வீடு கட்டிக் குடியேறியதிலிருந்து வளர்ந்த ஊர் அது. 1901-இல் அங்கே தொடங்கிய பள்ளிதான் இன்றைய கொடைக்கானல் பன்னாட்டுப் பள்ளி. ரொட்டி, கேக், ஜாம், பாலாடைக்கட்டி ஆகியவை அங்கே நேற்று வந்த நாகரிகமாக அல்லாமல், தலைமுறைகளாக ஊரின் உணவாகவே இருப்பதற்கு இந்த வரலாறு காரணம். காலையில் பேக்கரியில் சுடச்சுட இறக்கிய ரொட்டியை உள்ளூர் சீஸுடன் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். பி.டி. சாலைப் பக்கம் விறகடுப்பில் சுடும் பீட்சாவும், திபெத்தியர் நடத்தும் கடைகளில் மோமோவும் துக்பாவும் கிடைக்கும். துக்பா என்பது காய்கறியோ இறைச்சியோ சேர்த்த சூடான நூடுல்ஸ் சூப். உறைப்பும் எண்ணெயும் குறைவு. ‘இதையெல்லாம் மனுசர் சாப்பிடுவாகளா’ என்று ஆத்தா தொடக்கத்தில் மறுத்தாலும், குளிர் ஏறிய மாலையில் ஒரு கிண்ணத்தைக் கையில் கொடுத்துப் பாருங்கள். மிளகு ரசத்தை விரும்புபவர்கள் அதை விரும்பாமல் இருக்க மாட்டார்கள்.

ஏரிக்கரையில் சுட்ட சோளக்கதிர், மிளகாய் பஜ்ஜி, பிரெட் ஆம்லெட், வேகவைத்த வேர்க்கடலை ஆகியவை எப்போதும் உண்டு. அவற்றைப் பற்றி நான் விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. எண்ணெய் புதியதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கடைகள் நம் ஊரைவிட முன்னதாகவே மூடப்படுவதால் இரவு உணவை எட்டு மணிக்குள் முடித்துக்கொள்வது பெரியவர்களின் செரிமானத்துக்கும் நல்லது.

பழங்களுக்குப் பருவம் முக்கியம். பிளம்ஸ் மே மாதத்தை ஒட்டியும், பேரிக்காய் அதன் பின்னும் வரும். பேஷன் ஃப்ரூட் சாறும், மரத்தக்காளியும் உங்களுக்குப் புதியவையாக இருக்கக்கூடும். மரத்தக்காளியைச் சுட்டுத் தோலுரித்து, வரமிளகாயும் உப்பும் வைத்து அரைத்தால் நம் துவையல்களோடு சேர்த்து வைக்கத்தக்க ஒரு துவையல் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை அங்கே இருக்கும்படி பயணத்தை அமைத்துக்கொண்டால் வாரச்சந்தைக்குச் செல்லலாம். சுற்றுவட்டாரக் கிராமங்களின் காய்கறி முழுவதையும் ஓரிடத்தில் பார்க்கலாம்.

வீட்டுத் தயாரிப்பு என்று விற்கப்படும் சாக்லேட்டைப் பற்றி ஒரு சொல்: கொக்கோ அந்த உயரத்தில் விளைவதில்லை, குளிரில் சாக்லேட் எளிதாக இறுகுவதாலேயே அந்தத் தொழில் அங்கே பெருகியது. அவற்றில் பல தாவரக் கொழுப்பு சேர்த்தவை. கொக்கோ வெண்ணெயில் செய்ததா என்று கேட்டு, அப்படிப்பட்டதை வாங்கினால் அங்கேயே சாப்பிட்டு முடித்துவிடுங்கள். காரைக்குடி வெயிலுக்கு அது தாங்காது. மதுவைப் பொறுத்தவரை பெரிய விடுதிகளில் பார் வசதி உண்டு. குடும்பப் பயணத்துக்கு அது தேவையில்லை என்பது என் எண்ணம். வண்டி ஓட்டுபவர் அதைத் தொடவே கூடாது.

2024 மே மாதம் முதல் கொடைக்கானல் செல்லும் வண்டிகளுக்கு, இணையத்தில் பதிந்து பெறும் இ-பாஸ் கட்டாயம் என்பதை மறந்துவிடாதீர்கள். பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டிகளுக்கும் தடை இருப்பதால், ஆளுக்கொரு எவர்சில்வர் புட்டி எடுத்துச் செல்லுங்கள். சீடை, தேன்குழல் போன்ற பலகாரங்கள் வழிக்குப் போதும். புளியோதரையும் தயிர்ச்சோறும் கட்டிக்கொண்டு போய், மூன்று வேளையும் அறையிலேயே சாப்பிட்டுத் திரும்பும் நம்மவர் வழக்கத்தை இந்த ஒரு முறை விட்டுவிடுங்கள்.

திரும்பும்போது பழனி வழியாக இறங்குங்கள். தை மாதத்தில் காவடியோடு பழனிக்கு நடக்கும் நம் நாட்டுக்கோட்டை நகரத்தாருக்குப் பஞ்சாமிர்தத்தின் சுவை புதிதன்று. ஆயினும் 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பிரசாதத்தில் சேர்வது முதல் நாள் நீங்கள் வழியில் சாப்பிட்ட அதே மலைவாழைதான் என்பதை அப்பச்சியிடம் சொல்லுங்கள். நீர்ச்சத்து குறைந்த பழம் சேர்வதும் பஞ்சாமிர்தம் நெடுநாள் கெடாமல் இருப்பதற்கு ஒரு காரணம்.

வாங்கி வருவதற்கு என் பரிந்துரை மலைப்பூண்டும் கல்பாசியும். அதே 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு, சமவெளியில் கிடைப்பதைவிடக் காரமும் மணமும் மிகுந்தது. தண்டோடு கட்டாக வாங்கிக் காற்றோட்டமான இடத்தில் தொங்கவிட்டால் பல மாதம் இருக்கும். கல்பாசி, தூய காற்றும் ஈரமும் உள்ள இடங்களில் மரத்திலும் பாறையிலும் படரும் உயிரி. காட்டில் நீங்களாகவே உரித்தெடுக்காமல் கடையில் சிறிதளவு வாங்குங்கள். மணம் போகாமலிருக்க மூடி இறுகிய கண்ணாடிப் புட்டியில் வைக்க வேண்டும். வீடு வந்ததும் அந்தப் பூண்டை முழுப் பற்களாக நல்லெண்ணெயில் வதக்கிக் குழம்பு வைக்கும்போது, வழக்கமாகப் போடும் அளவில் பாதி போட்டால் போதும்.