புதிய உபுண்டு வழங்கியில் தொலைபேசி முறைமை: கொக்குவில் வாசகருக்கு ஒரு பதில்

கேள்வி: கொக்குவிலில் உள்ள எங்கள் மருந்துக் கடைக்கும் அதன் சுன்னாகம், சாவகச்சேரிக் கிளைகளுக்கும் சேர்த்து 16 உள்ளக இலக்கங்கள் கொண்ட தொலைபேசி முறைமையை நான் பராமரித்து வருகிறேன். பழைய வழங்கியில் சென்டோஸ் 7 என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் மீது ஃப்ரீபிபிஎக்ஸ் 16 என்ற தொலைபேசி மேலாண்மை மென்பொருள் இயங்குகிறது. இப்போது புதிய கணினி ஒன்றை வாங்கி உபுண்டு 24.04 ஐ நிறுவினேன். அழைப்புகளை இணைக்கும் அஸ்டெரிஸ்க் உபுண்டுவின் மென்பொருள் களஞ்சியத்திலிருந்தே இலகுவாக வந்துவிட்டது. ஆனால் ஃப்ரீபிபிஎக்ஸ் 16 ஐ நிறுவ முயன்றால் பிஎச்பி பிழைகள் வரிசையாக வருகின்றன. 17 இன் நிறுவல் ஸ்கிரிப்டோ இது டெபியன் 12 அல்ல என்று கூறி நின்றுவிடுகிறது. செப்புக்கம்பி வழியாக வரும் இரண்டு நிலையான இணைப்புகள் பழைய கணினிக்குள் பொருத்திய அட்டையில் இருக்கின்றன. நான் எந்த வழியில் போவது நல்லது, ஐயா?

பதில்: அந்த ஸ்கிரிப்ட் நின்றது நல்லதற்கே. அது சோதனையைத் தாண்டித் தொடர்ந்திருந்தால் பாதி நிறுவப்பட்ட முறைமை ஒன்று உங்கள் கையில் இருந்திருக்கும். எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று கண்டுபிடிக்கவே ஒரு கிழமை போயிருக்கும்.

நாம் ஒரே பெயரில் தொலைபேசி மென்பொருள் என்று அழைப்பது உண்மையில் இரண்டு வேறு பொருட்கள் என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். அஸ்டெரிஸ்க் என்பது 1999 இல் மார்க் ஸ்பென்சர் எழுதத் தொடங்கிய, சி மொழியில் அமைந்த இயந்திரம். அழைப்புகளை எடுப்பதும் இணைப்பதும் அதுதான். லினக்ஸின் எந்தப் புதிய வெளியீட்டிலும் பெரிய சிக்கலின்றி அதை நிறுவிவிடலாம். ஃப்ரீபிபிஎக்ஸ் என்பது அந்த இயந்திரத்துக்கான அமைவுக் கோப்புகளை உங்களுக்காக எழுதிக் கொடுக்கும் வலைப்பலகை. அது பிஎச்பி என்ற நிரல்மொழி, மரியாடிபி என்ற தரவுத்தளம், நோட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் இயக்கச் சூழல் ஆகியவற்றின் மேல் நிற்கிறது. ஆகவே அது எந்த பிஎச்பி பதிப்பைக் கருதி எழுதப்பட்டதோ அந்தப் பதிப்போடு இறுகப் பிணைந்திருக்கிறது. ஃப்ரீபிபிஎக்ஸ் 16 க்குத் தேவையானது பிஎச்பி 7.4, 17 க்குத் தேவையானது 8.2. உபுண்டு 24.04 தருவதோ 8.3. டெபியன் 12 தருவது சரியாக 8.2. உங்கள் பிழைகள் எல்லாவற்றுக்கும் இந்த மூன்று இலக்கங்களே காரணம். விலை கொடுத்து வாங்கும் கூடுதல் தொகுதிகள் ஏதேனும் உங்களிடம் இருந்தால் கட்டுப்பாடு இன்னும் இறுக்கமானது. அவை ஆயன்கியூப் மூலம் குறித்த ஒரு பிஎச்பி பதிப்புக்கென மறைகுறியாக்கப்பட்டவை என்பதால், கோப்பைத் திறந்து திருத்தி ஓட்டுவதற்கு இடமே இல்லை.

எனவே எனது பரிந்துரை இதுதான்: உபுண்டுவை அகற்றிவிட்டு அதே கணினியில் டெபியன் 12 ஐ நிறுவி, அதன் மேல் ஃப்ரீபிபிஎக்ஸ் 17 ஐ ஓட்டுங்கள். தொலைபேசி வழங்கியை மேசைக் கணினியைப் போல நினைக்கக் கூடாது. கடை திறந்திருக்கும் நேரமெல்லாம் மணி அடித்தால் எடுக்க வேண்டிய கருவி அது. அதற்கான இயங்குதளத்தை, மென்பொருளை ஆக்கியவர்கள் எதில் சோதித்தார்களோ அதை வைத்தே தெரிவு செய்ய வேண்டும். 2023 ஜூனில் வெளியான டெபியன் 12 க்கு நீண்டகாலப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2028 ஜூன் வரை கிடைக்கும். 2025 ஓகஸ்ட்டில் வந்த டெபியன் 13 ஐப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். அதில் பிஎச்பி 8.4 இருக்கிறது, நீங்கள் மீண்டும் இதே இடத்தில்தான் வந்து நிற்பீர்கள். உபுண்டுவிலேயே வெளியார் பராமரிக்கும் களஞ்சியத்தைச் சேர்த்து பிஎச்பி 8.2 ஐ இறக்குவதும் இயலும். ஆனால் அடுத்த மேம்படுத்தலின்போது எந்தப் பொதி எங்கிருந்து வருகிறது என்று ஒவ்வொரு தடவையும் நீங்களே காவல் இருக்க வேண்டி வரும். மூன்று கிளைகளை ஒருவராகப் பார்க்கும் உங்களுக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

வலைப்பலகை வேண்டாம், அமைவுக் கோப்புகளை நானே எழுதுவேன் என்றால் உபுண்டு 24.04 நல்ல தளமே. அதன் களஞ்சியத்தில் உள்ளது அஸ்டெரிஸ்க் 20. நீண்டகால ஆதரவுள்ள 22 வேண்டுமெனில் மூலநிரலை இறக்கித் தொகுக்கலாம். அதற்கு முன்தேவைப் பொதிகளை நிறுவும் ஸ்கிரிப்ட் ஒன்று மூலநிரலோடு கான்ட்ரிப் கோப்புறையில் வருகிறது. அதை ஓட்டிய பிறகே கன்ஃபிகர், மெனுசெலெக்ட், மேக் என்ற ஒழுங்கில் போக வேண்டும். இணையவழி அழைப்புக்கான சிப் நெறிமுறையைக் கையாளும் பிஜேப்ராஜெக்ட் நூலகத்தை அஸ்டெரிஸ்க்கோடு வரும் பிரதியிலிருந்தே எடுங்கள். களஞ்சியப் பிரதியை இணைத்தால் பதிப்பு முரண்படக்கூடும். கையில் இருக்கும் பழைய அஸ்டெரிஸ்க் 16 மூலநிரலைப் புதிய வெளியீட்டில் தொகுக்க முயல வேண்டாம். சி நிரலைத் தொகுக்கும் கருவியான ஜிசிசியின் 14 ஆம் பதிப்பு முதல், முன்னர் வெறும் எச்சரிக்கையாக இருந்த பல குறைகள் பிழையாகவே கருதப்படுவதால் பழைய நிரல்கள் பாதியில் முறிந்து போகின்றன. 16 உள்ளக இலக்கங்களைக் கையால் எழுதுவது கடினமன்று. ஆனால் நீங்கள் விடுமுறையில் இருக்கும் நாளில் ஓர் இலக்கத்தை மாற்ற வேண்டி வந்தால் கடையில் வேறு யாராலும் அதைச் செய்ய முடியாது என்பதையும் யோசியுங்கள்.

இனி, பெரும்பாலானோர் தடுக்கி விழும் இடத்துக்கு வருகிறேன். பழைய வழங்கியில் உங்கள் தொலைபேசிகள் சான்சிப் என்ற பழைய சிப் தொகுதி வழியாகப் பதிவாகின்றனவா, பிஜேசிப் என்ற புதிய தொகுதி வழியாகவா என்று பாருங்கள். நெடுங்காலம் இயங்கிய முறைமை என்பதால் பல இலக்கங்கள் சான்சிப்பில் இருக்க வாய்ப்புண்டு. அந்தத் தொகுதி அஸ்டெரிஸ்க் 21 இலிருந்து முற்றாக நீக்கப்பட்டுவிட்டது. புதிய வழங்கியில் இருக்கப்போவது 21 அல்லது அதற்கு மேற்பட்ட பதிப்பு. ஆகவே காப்புப் பிரதி எடுக்கும் முன்பே, பழைய வழங்கி உயிரோடு இருக்கும்போதே, எல்லா இலக்கங்களையும் பிஜேசிப்புக்கு மாற்றிவிடுங்கள். மாற்றும்போது போர்ட் இலக்கத்தைக் கவனியுங்கள். ஃப்ரீபிபிஎக்ஸின் இயல்பு அமைவில் பிஜேசிப் 5060 இலும் சான்சிப் 5160 இலும் கேட்டுக்கொண்டிருக்கும். இலக்கத்தை மாற்றிய பின்னும் மேசையில் உள்ள தொலைபேசி 5160 ஐயே தட்டிக்கொண்டிருந்தால் அது ஒருபோதும் பதிவாகாது. பதிவேட்டில் ஒரு பிழை வரியும் தென்படாமல் போகலாம். ஒவ்வொரு தொலைபேசியின் அமைவுப் பக்கத்துக்கும் போய் அதைத் திருத்த வேண்டும். சாவகச்சேரிக்கு நேரில் போக வேண்டி வந்தாலும் போய்த் திருத்துங்கள். மாற்றிய நிலையில் இரண்டு மூன்று நாள் பழைய வழங்கியிலேயே ஓடவிட்டு, எல்லாம் சரி என்ற பிறகு காப்புப் பிரதி எடுத்து, அதன் ஒரு படியை யூஎஸ்பியிலும் வைத்துக்கொள்ளுங்கள். 16 இல் எடுத்த காப்பை 17 இன் காப்புத் தொகுதி மீட்டெடுக்கும்.

டெபியனை நிறுவும்போது மேசைத்தளம் எதையும் தெரிவு செய்யாமல், எஸ்எஸ்எச் வழங்கியையும் அடிப்படைக் கருவிகளையும் மட்டும் விடுங்கள். நிலையான ஐபி முகவரி கொடுங்கள். நேர வலயத்தைக் கொழும்பு என்று வையுங்கள், இல்லாவிட்டால் இரவு நேர அறிவிப்பு பட்டப்பகலில் ஒலிக்கும். நிறுவல் ஸ்கிரிப்டை ரூட் பயனராகவே ஓட்ட வேண்டும். இங்கே சிறியதோர் இடறல் உண்டு: டெபியனில் பயனரை மாற்றும் சுவிட்ச் யூசர் (su) கட்டளையை அதன் பின்னால் சிறு கோடு இன்றி இட்டால், ரூட் ஆன பிறகும் பழைய பயனரின் கோப்புத் தடமே இருக்கும், எஸ்பின் கோப்புறையில் உள்ள கருவிகள் இல்லை என்று நிறுவல் நடுவில் நின்றுவிடும். கோட்டோடு இடுங்கள். ஸ்கிரிப்ட் ஓடும்போது இணைப்பு அறுந்தாலும் வேலை நிற்காதபடி, ஸ்கிரீன் அல்லது டிமக்ஸ் அமர்வுக்குள் அதை ஓட்டுவது நல்லது.

அடுத்தது உள்ளே பொருத்திய அட்டை. அதைப் புதிய கணினிக்கு மாற்ற வேண்டாம் என்பேன். அத்தகைய அட்டைகளை இயக்கும் டாடி என்ற இயக்கி லினக்ஸ் கருனியோடு ஒட்டித் தொகுக்கப்படுவது. கருனி புதுப்பிக்கப்படும்போதெல்லாம் அதையும் மீண்டும் தொகுக்க வேண்டும், தொகுக்காவிட்டால் அடுத்த மீள்தொடக்கத்தில் வெளி இணைப்புகள் இரண்டும் ஊமையாகிவிடும். டாடியின் மூன்றாம் பதிப்பு பல பழைய அட்டைகளுக்கான ஆதரவையும் நீக்கிவிட்டது. அதைவிட முக்கியமான காரணம் நம் ஊர் வானிலை. ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் செப்புக்கம்பி வழியாக வரும் மின்னல் அதிர்வு அட்டையைத் தாக்கினால் தாய்ப்பலகையையும் சேர்த்துக்கொண்டு போய்விடும். யாழ்ப்பாணத்தில் இப்படிக் கருகிய கணினிகளை என் கையாலேயே கழற்றியிருக்கிறேன். அதற்குப் பதிலாக இரண்டு எஃப்எக்ஸ்ஓ வாயில்கள் (செப்புக்கம்பி இணைப்பைச் செருகும் இடங்கள்) கொண்ட சிறிய அனலொக் கேட்வே பெட்டியை வாங்கி, அதை சிப் வழியாக வழங்கியோடு இணையுங்கள். மின்னல் வந்தால் போவது அந்தப் பெட்டி மட்டுமே. பெட்டிக்கு முன்னால் தொலைபேசிக் கம்பிக்கான அதிர்வுத் தடுப்பானும் போடுங்கள். வந்த அழைப்பு துண்டிக்கப்பட்ட பின்னும் இணைப்பு விடுபடாமல் தொங்கினால், கேட்வேயில், மறுமுனை வைத்துவிட்டதைக் காட்டும் பிசி ஒலியைக் (busy tone) கண்டறியும் அமைவை நம் நாட்டு ஒலிக்கு ஏற்பச் சரிசெய்ய வேண்டும். முதல் நாளிலேயே இதைச் சோதியுங்கள்.

கிளைகளுக்கான இணைப்பில், 5060 போர்ட்டைப் பொது இணையத்துக்குத் திறந்துவிடுவதை மட்டும் செய்யாதீர்கள். கொக்குவிலுக்கும் மற்ற இரு இடங்களுக்கும் இடையே வயர்கார்ட் சுரங்கம் (இணையத்தின் மேல் மறைகுறியாக்கப்பட்ட தனி இணைப்பு) அமைத்துவிட்டால், சுன்னாகத்துத் தொலைபேசி பக்கத்து அறையில் இருப்பது போலவே நடந்துகொள்ளும். ஒரு பக்கம் பேசுவது மறுபக்கம் கேட்காத பழைய தொல்லையும் அநேகமாக அத்தோடு போய்விடும். அதற்குப் பெரும்பாலும் காரணம் றவுட்டர் செய்யும் ஐபி முகவரி மாற்றமும் (NAT), சிப் தகவல்களைத் தானே திருத்தும் சிப் ஏஎல்ஜி என்ற அதன் அமைவுமே. அந்த அமைவு இருந்தால் மூன்று இடங்களிலும் அணைத்துவிடுங்கள். ஜி.711 என்ற ஒலிக் குறிமுறையில் ஓர் அழைப்புக்கு ஒவ்வொரு திசையிலும் வினாடிக்கு ஏறத்தாழ 87 கிலோபிற்று தேவை. சுரங்கத்தின் மேலதிகச் சுமையையும் சேர்த்து 110 என்று வைத்துக்கொண்டால், ஒரே நேரத்தில் ஆறு அழைப்புகளுக்கும் ஒரு மெகாபிற்றுக்குள் அடங்கிவிடும்.

கடவுச்சொல் பற்றி நான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. முன்பு நான் பார்த்த ஓர் அலுவலகத்தில் உள்ளக இலக்கமும் அதன் கடவுச்சொல்லும் ஒன்றாகவே இருந்தன. வெளியிலிருந்து ஒருவர் அந்த இலக்கமாகப் பதிவு செய்து, ஒரு வார இறுதி முழுவதும் வெளிநாடுகளுக்கு அழைத்துத் தீர்த்தார். பொறுப்பாளர் திங்கட்கிழமை காலையில் முகம் வெளிறி நின்றது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஃப்ரீபிபிஎக்ஸ் தானாகத் தரும் நீண்ட கடவுச்சொல்லையே வைத்துக்கொள்ளுங்கள். 00 இல் தொடங்கும் வெளிநாட்டு அழைப்பை உரிமையாளரின் இலக்கத்துக்கு மட்டும், அதுவும் தனிக் கடவெண்ணோடு அனுமதியுங்கள். பலமுறை தவறான கடவுச்சொல் இடுபவரைத் தடுக்கும் ஃபெயில்டுபான் இயங்குகிறதா என்பதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்யுங்கள்: டெபியன் 12 இன் இயல்பு நிறுவலில் பதிவேட்டுக் கோப்புகளை எழுதும் ஆர்சிஸ்லாக் இல்லாததால் அது தேடும் பதிவேட்டுக் கோப்பு கிடைக்காமல் தொடக்கத்திலேயே விழுந்துவிடக்கூடும். உபுண்டு 24.04 இலும் தொடக்கத்தில் வந்த ஃபெயில்டுபான் பைத்தான் 3.12 காரணமாக இயங்க மறுத்தது. பின்னர் வந்த திருத்தத்தை நிறுவினால்தான் ஓடும்.

வெளி அழைப்பு விதிகளைப் புதிதாக எழுதும்போது 119, 110, 1990 ஆகிய மூன்று அவசர அழைப்பு இலக்கங்களையும் எல்லா விதிகளுக்கும் முன்னால், கடவெண் ஏதுமின்றி, எந்தத் தொலைபேசியிலிருந்தும் போகும்படி வையுங்கள். பூச்சியத்தில் தொடங்கும் பத்து இலக்கங்கள் என்று மட்டும் விதி எழுதியிருந்தால் இவை மூன்றும் அடைபட்டுவிடும். மருந்துக் கடையில் ஒருவர் மயங்கி விழும் நேரத்தில் அம்புலன்ஸுக்கு அழைப்பு போகாமல் இருக்கக் கூடாது. உங்கள் ஊழியர்கள் உள்ளூர் இலக்கங்களை ஏழு இலக்கங்களாகவே அழுத்திப் பழகியிருந்தால், முன்னால் 021 ஐச் சேர்க்கும் விதியையும் எழுதிவிடுங்கள்.

வாடிக்கையாளர் கேட்கும் அறிவிப்புகளைத் தமிழில் நீங்களே பதிவு செய்யுங்கள். உடன் வருவது ஆங்கிலக் குரலே. 8000 ஹேர்ட்ஸ், 16 பிற்று, ஒற்றைத் தடம் கொண்ட வேவ் கோப்பாக இருந்தால் போதும். கடையில் நிற்பவர்களில் தெளிவாகப் பேசும் ஒருவர், நம் ஊர்ப் பேச்சில், மருந்துச் சீட்டுக்கு ஒன்றை அழுத்துங்கள் என்று சொன்னால் வயதானவர்கள் தயங்காமல் அழுத்துவார்கள்.

மாற்றத்தை ஞாயிறு மாலை கடை பூட்டிய பின் செய்யுங்கள். பழைய வழங்கியின் வலைக்கம்பியைக் கழற்றி, அதே ஐபி முகவரியைப் புதியதற்குக் கொடுத்துவிட்டால் தொலைபேசிகளைத் தொட வேண்டியதில்லை. ஒவ்வொரு கிளையிலிருந்தும் நட்சத்திரக் குறியும் 43 உம் அழுத்தி எதிரொலிச் சோதனையைச் செய்யுங்கள்; உங்கள் குரல் திரும்பக் கேட்டால் இரு திசை ஒலியும் சரி. பிறகு கைபேசியிலிருந்து இரண்டு நிலையான இலக்கங்களுக்கும் அழைத்து, எடுத்து, வைத்து, இணைப்பு விடுபடுகிறதா என்று பாருங்கள். யூபிஎஸ்ஸில் வழங்கியோடு றவுட்டரையும் கேட்வேயையும் சேர்த்துச் செருகி, மின்சாரத்தைத் துண்டித்து ஒரு தடவை சோதியுங்கள். பழைய கணினியை ஒரு மாதத்துக்கு அழிக்காமல் அப்படியே வைத்திருங்கள். சென்டோஸ் 7 க்கான ஆதரவு 2024 ஜூன் 30 உடன் முடிந்துவிட்டதால், அந்த மாதத்தில் அதை வலையமைப்பில் மட்டும் செருக வேண்டாம்.