எப்காட் போகும் முன்: கேள்விகளும் பதில்களும்

ஃப்ளோரிடாவில் ஆர்லாண்டோ பக்கம் இருக்கும் வால்ட் டிஸ்னி வேர்ல்டின் நான்கு பூங்காக்களில் எப்காட் ஒன்று. முன்பாதியில் அறிவியலும் தொழில்நுட்பமும், பின்பாதியில் ஏரியைச் சுற்றிப் பதினோரு நாடுகள். கோடை விடுமுறைக்குக் கிளம்புகிறவர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் கீழே.

ராஜேஷ், டாலஸ்: பிள்ளைகளுக்கு 8 வயது, 4 வயது. எப்காட்டுக்கு ஒரே நாள்தான். எங்கே ஆரம்பிப்பது?

முதலில் பூங்காவின் நேரக்கணக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். வழக்கமாகக் காலை 9 மணிக்குத் திறப்பார்கள். டிஸ்னி விடுதியில் தங்குபவர்களுக்கு அரை மணி முன்னதாகவே அனுமதி. ஆனால் பின்பாதியில் உள்ள நாடுகள் 11 மணிக்குத்தான் முழுதாகத் திறக்கும். பிரான்சில் இருக்கும் ரெமி எலி ரைடும் நார்வேயில் இருக்கும் ஃப்ரோசன் படகும் மட்டும் காலையிலேயே ஓடத் தொடங்கிவிடும். பிற்பகலில் இந்த இரண்டுக்கும் நீண்ட வரிசை நிற்கும். அதனால் வாசல் திறந்ததும் இவற்றில் ஒன்றுக்கு நேராகப் போய்விடுங்கள்.

பலர் உள்ளே நுழைந்ததும் கண்ணுக்குத் தெரியும் பெரிய வெள்ளி உருண்டைக்கு, அதாவது ஸ்பேஸ்ஷிப் எர்த்துக்கு, வரிசையில் நின்றுவிடுகிறார்கள். காலை நேரத்தை வீணாக்க இதைவிட நல்ல வழி இல்லை. அதே ரைடுக்கு மாலையில் பெரும்பாலும் சில நிமிடங்களில் ஏறிவிடலாம்.

11 மணிக்கு நாடுகள் திறக்கும்போது கூட்டம் இடப்பக்கம் மெக்சிகோ வழியாகப் போகும். நீங்கள் வலப்பக்கம் திரும்பி கனடா, பிரிட்டன், பிரான்ஸ் என்று எதிர்த்திசையில் சுற்றுங்கள். முதல் இரண்டு மணி நேரம் நெரிசல் இல்லாமல் நடக்கலாம்.

உயரத்தை வீட்டிலேயே, காலணி போட்டபடி அளந்துகொண்டு வாருங்கள். டெஸ்ட் டிராக், சோரின், மிஷன் ஸ்பேஸ் ரைடின் மென்மையான பச்சைப் பிரிவு ஆகிய மூன்றுக்கும் 40 அங்குலம் (102 செ.மீ.) வேண்டும். கார்டியன்ஸ் ரோலர் கோஸ்டருக்கு 42 அங்குலம் (107 செ.மீ.), மிஷன் ஸ்பேஸ் ஆரஞ்சுக்கு 44 அங்குலம் (112 செ.மீ.). அரை அங்குலம் குறைந்தாலும் விடமாட்டார்கள், கெஞ்சிப் பயனில்லை. ரெமி, ஃப்ரோசன், ஸ்பேஸ்ஷிப் எர்த், நீமோ இவற்றுக்கு உயரக் கட்டுப்பாடு கிடையாது.

சின்னவன் உயரம் போதாமல் நின்றுவிட்டால் ரைடு வாசலில் இருக்கும் ஊழியரிடம் 'ரைடர் ஸ்விட்ச்' கேளுங்கள். ஒரு பெற்றோர் போய்வரும்வரை மற்றவர் குழந்தையோடு இருக்கலாம். பிறகு அவர் முழு வரிசையும் நிற்காமல் போகலாம். இதற்குத் தனிக் கட்டணம் இல்லை. வரிசைக்குள் நுழைவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும் என்பதைத்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

மீனாட்சி, சென்னை: லைட்னிங் லேன் என்கிறார்களே, வாங்கியே ஆக வேண்டுமா? இங்கிருந்தே பதிவு செய்ய முடியுமா?

முடியும். பணம் கட்டி நீண்ட வரிசையைத் தவிர்க்கும் வசதி இது. இதில் இரண்டு வகை உண்டு. 'மல்ட்டி பாஸ்' எடுத்தால் முன்கூட்டியே மூன்று ரைடுகளுக்கு நேரம் குறித்துக்கொள்ளலாம். ஃப்ரோசன், ரெமி மாதிரி கூட்டம் அதிகமானவை தனிப் பிரிவில் இருப்பதால் அதில் ஒன்றைத்தான் எடுக்க முடியும். மீதி இரண்டும் அடுத்த பிரிவிலிருந்து. முதலாவதைப் பயன்படுத்திய பிறகு அடுத்தடுத்து ஒவ்வொன்றாகக் குறிக்கலாம். 'சிங்கிள் பாஸ்' ஒரே ரைடுக்கு மட்டும். கார்டியன்ஸ் இந்த வகையில்தான் விற்கிறது. விலை நாளுக்கு நாள் மாறும்.

டிஸ்னி விடுதியில் தங்குபவர்கள் வந்து சேரும் நாளுக்கு 7 நாள் முன்பும், மற்றவர்கள் பூங்கா நாளுக்கு 3 நாள் முன்பும் பதிவு செய்யலாம். ஃப்ளோரிடாவில் காலை 7 மணிக்குத் திறக்கிறது. நம் கணக்கில் கோடையில் மாலை 4.30, குளிர்காலத்தில் 5.30. அதற்குள் டிக்கெட்டுகளை எல்லாம் மை டிஸ்னி எக்ஸ்பீரியன்ஸ் ஆப்பில் இணைத்து, பணம் கட்டும் கார்டையும் சேர்த்து வையுங்கள். கார்டு சரிபார்ப்புக் குறுஞ்செய்தி வருவதற்குள் நல்ல நேரமெல்லாம் போய்விடும்.

வாங்கத்தான் வேண்டுமா என்றால், மற்ற பூங்காக்களை விட எப்காட்டில் அவசியம் குறைவு என்பது என் கருத்து. வரிசை நீளும் ரைடுகள் ஐந்தாறுதான். காலையில் முதல் ஆளாக நுழையத் தயார் என்றால் மல்ட்டி பாஸ் இல்லாமலே சமாளிக்கலாம். பத்து மணிக்குத்தான் எழுந்து வருவோம் என்றால் வாங்கிவிடுங்கள்.

ஒரு வாசகி, எடிசன்: டிக்கெட் எடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

டிக்கெட்டில் தேதி உண்டு, தேதிக்கேற்ப விலை. 3 வயதுக்குக் கீழே இலவசம். 3 முதல் 9 வரை குழந்தை விலை. 10 வயதானால் பெரியவர். தேதியிட்ட டிக்கெட்டுக்கு முன்பு தேவைப்பட்ட தனிப் பூங்கா முன்பதிவு 2024 ஜனவரியிலிருந்து இல்லை. பழைய வீடியோக்களைப் பார்த்துப் பதற வேண்டாம். காட்டும் விலைக்கு மேல் வரி சேரும்.

சங்கர், திருநெல்வேலி: அப்பா அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல். நடக்க முடியுமா?

ஏரியைச் சுற்றி ஒரு வட்டம் மட்டுமே சுமார் 2 கிலோமீட்டர். முன்பாதியையும் சேர்த்தால் ஒரு நாளில் எட்டு, பத்து கிலோமீட்டர் சாதாரணமாக வந்துவிடும். வெயிலோடு ஈரப்பதமும் சேரும். ஊரில் தினமும் நடப்பவர்களும் இங்கே மூன்று மணிக்குச் சோர்ந்துபோவார்கள்.

வாசலில் சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும். வருகிற வரிசைப்படிதான் தருவார்கள் என்பதால் காலையிலேயே எடுத்துவிடுங்கள். 'முழு நாளும் வேண்டாம், பாதி தூரம் நடப்பேன்' என்று பெரியவர்கள் சொல்வார்கள். கேட்காதீர்கள், எடுத்து வையுங்கள், காலியாக இருந்தால் பை வைக்க ஆகும். ஏரியின் முன்கரையிலிருந்து ஜெர்மனி, மொராக்கோ பக்கம் படகுகள் போகின்றன. டிக்கெட் தேவையில்லை. பாதி வட்டத்தை இப்படி மிச்சப்படுத்தலாம்.

உட்கார்ந்தே பார்க்க அவர்களுக்கு ஏற்றவை: ஸ்பேஸ்ஷிப் எர்த், லிவிங் வித் த லேண்ட் படகு, மெக்சிகோ படகு, அமெரிக்க அரங்கின் அரை மணி நேர நிகழ்ச்சி. சீன அரங்கின் வட்டத்திரைப் படத்தை நின்றுகொண்டுதான் பார்க்க வேண்டும், தெரிந்துகொண்டு போங்கள். ஸ்பேஸ்ஷிப் எர்த்தில் ஏறும் இடத்தில் தரையே மெதுவாக நகரும், இறங்கும்போது வண்டி பின்புறமாகச் சரிந்து இறங்கும். முட்டிவலி, தலைசுற்றல் உள்ளவர்களிடம் முன்பே சொல்லிவையுங்கள். நகரும் பட்டையில் கால்வைக்கத் தயங்கினால் ஊழியரிடம் சொல்லுங்கள், வேகத்தைக் குறைப்பார்கள்.

லலிதா, ஹூஸ்டன்: நாங்கள் முட்டைகூடச் சாப்பிடாத சைவம். பட்டினிதானா?

இல்லை, ஆனால் 'வெஜிடேரியன்' என்ற சொல்லை மட்டும் நம்பாதீர்கள். டிஸ்னி மெனுவில் பச்சை இலைக் குறி இருந்தால் அதில் இறைச்சி, பால், முட்டை, தேன் எதுவும் இல்லை என்று பொருள். உங்களுக்குப் பாலில் சிக்கல் இல்லை என்றாலும் முட்டையைத் தவிர்க்க இதுவே நம்பகமான வழி. ஆப்பிலேயே ஒவ்வொரு கடையின் மெனுவையும் பார்க்கலாம்.

மாட்டிக்கொள்ளும் இடங்கள் எவை என்றால்: மெக்சிகோ பக்கத்துப் பீன்ஸில் பன்றிக் கொழுப்போ, சாதத்தில் கோழிச் சாறோ சேர்ந்திருக்கலாம், ஜப்பானியக் குழம்பு, சூப்புகளுக்கு மீன் சாறு அடிப்படை, நார்வேயின் புகழ்பெற்ற 'ஸ்கூல் பிரெட்' ஏலக்காய் மணத்துடன் தேங்காய்த் துருவல் தூவி நம் நாக்குக்கு ஒத்துப்போகும், ஆனால் உள்ளே இருக்கும் கஸ்டர்டில் முட்டை உண்டு. பிரெஞ்சு பேக்கரியிலும் அதே கதை. உருளைக்கிழங்கு வறுவலைக் கோழி பொரித்த எண்ணெயில் போடுகிறார்களா என்று கேளுங்கள். கல்லாவில் இருப்பவருக்குத் தெரியாவிட்டால் சமையல்காரரை அழைக்கச் சொல்லலாம், அங்கே அது வழக்கம்தான்.

வெளிச் சாப்பாடு கொண்டுபோக அனுமதி உண்டு. கண்ணாடிப் பாத்திரம், மது, உதிரிப் பனிக்கட்டி கூடாது. உறைய வைத்த ஜெல் பொதிகள் கொண்டு போகலாம். எலுமிச்சை சாதம், சப்பாத்திச் சுருள், தேப்லா தாங்கும். தயிர்சாதம் ஜூலை வெயிலில் நண்பகலுக்கே புளித்துவிடும், பாலில் பிசைந்து உறை குறைவாக ஊற்றினால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். தண்ணீர் பாட்டில் வாங்கவே வேண்டாம். கவுன்டர் உணவகங்களில் கேட்டால் பனிக்கட்டி போட்ட தண்ணீர் இலவசமாகத் தருவார்கள்.

கார்த்திக், டொராண்டோ: வேளாண்மை படிக்கிறேன். லிவிங் வித் த லேண்ட் பார்க்கத் தகுந்ததா?

எப்காட்டிலேயே தொழில்நுட்பத்தைச் சும்மா காட்டாமல் வேலை செய்துகாட்டும் இடம் அதுதான் என்பேன். சுமார் 14 நிமிடப் படகுப் பயணம். முதல் பாதி காடு, பாலைவனம் பற்றிய சாதாரண காட்சிகள். பிறகு படகு நிஜமான பசுமைக் குடில்களுக்குள் நுழையும். மண் இல்லாமல் ஊட்டக்கரைசலில் வளரும் கீரைகள், வேர்கள் காற்றில் தொங்க அவற்றின்மேல் கரைசல் தெளிக்கும் முறை, செங்குத்தாக அடுக்கிய பயிர்கள், மீன் வளர்ப்புத் தொட்டிகள் எல்லாம் வரிசையாக வரும். வெப்பமண்டலக் குடிலில் பலா, வாழை, பப்பாளி நம் கண்ணுக்குப் பழக்கமானவை. இங்கே பந்தல் போட்டுப் படரவிட்ட ஒரே தக்காளிச் செடி 32,000-க்கும் மேல் காய்த்துக் கின்னஸ் சாதனை ஆனது. விளைச்சலில் ஒரு பகுதி பூங்காவின் உணவகங்களுக்கே போகிறது.

பகல் வெளிச்சத்தில் போங்கள். இருட்டிய பிறகு செடிகளின் விவரம் தெரியாது. படகில் நிறுத்திப் பார்க்கவோ கேள்வி கேட்கவோ முடியாது. அதற்கு 'பிஹைண்ட் த சீட்ஸ்' என்று கட்டணத்தோடு ஒரு மணி நேர நடைச் சுற்றுலா உண்டு. முன்பதிவு செய்துவிடுங்கள், உங்களுக்கு அதுதான் பொருத்தம்.

பிரியா, சிங்கப்பூர்: எனக்கு வாந்தி வரும் பழக்கம். எதைத் தவிர்க்கலாம்?

மிஷன் ஸ்பேஸ் ஆரஞ்சு உண்மையாகவே சுழலும் இயந்திரம். உடல் சுழற்சியை உணரும், கண்ணோ நேராகப் போவதாகக் காணும். அந்த முரண்தான் குமட்டலுக்குக் காரணம். பச்சைப் பிரிவில் சுழற்சி கிடையாது, கதை மட்டும் வேறு, அதில் போங்கள். ஆரஞ்சில் ஏறியே தீருவேன் என்றால் தலையைப் பின்னால் சாய்த்துத் திரையை மட்டும் பாருங்கள். கண்ணை மூடினாலோ பக்கத்தில் திரும்பினாலோ நிலைமை மோசமாகும்.

கார்டியன்ஸ் தலைகீழாகப் போகாது. ஆனால் பின்னோக்கிச் செலுத்தும், போகிற போக்கில் இருக்கையும் திரும்பும். இருட்டு வேறு. சாப்பிட்ட உடனே வேண்டாம். டெஸ்ட் டிராக் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டினாலும் கார் சுழலாமல் ஓடுவதால் பெரும்பாலோருக்குக் குமட்டாது.

பெயர் வேண்டாம் என்றவர், லண்டன்: நாடுகள் எல்லாம் வெறும் கடைகள்தானே?

அவசரமாக நடந்தால் அப்படித்தான் தெரியும். நின்று பாருங்கள். மொராக்கோவின் ஓட்டு வேலைப்பாட்டை அந்நாட்டு மன்னர் அனுப்பிய கைவினைஞர்களே செய்தார்கள். ஜப்பான் கடையை நடத்துவது மிட்சுகோஷி, 1673-இல் தொடங்கிய நிறுவனம். பிரான்சின் ஈஃபிள் கோபுரம் பத்தில் ஒரு பங்கு அளவு, கீழ்த்தளம் தெரியாதபடி கட்டடங்களுக்குப் பின்னால் வைத்ததால்தான் தொலைவில் நிற்பதுபோல் தோன்றுகிறது. அமெரிக்க அரங்கில் இதற்கு நேரெதிர் வித்தை: பெரிய ஜன்னல்களை வைத்துப் பெரிய கட்டடத்தைச் சிறிதாகக் காட்டியிருக்கிறார்கள். அதே மண்டபத்தில் பக்கவாத்தியமே இல்லாமல் பாடும் 'வாய்சஸ் ஆஃப் லிபர்ட்டி' குழுவைத் தவறவிடாதீர்கள். குவிமாடத்தின் நேர் கீழே நின்று கேளுங்கள்.

இந்தியாவுக்கு அரங்கு இல்லை. இந்தியச் சாயல் வேண்டுமானால் அனிமல் கிங்டம் பூங்காவில் 'ஆனந்தபூர்' என்ற கற்பனை நாடு இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை: இலையுதிர்கால உணவுத் திருவிழா நடக்கும் வார இறுதி மாலைகளில் நாட்டுக்கு ஒரு கோப்பை என்று மது அருந்திச் சுற்றும் கூட்டம் நிறைந்திருக்கும். குழந்தைகளோடு போகிறவர்கள் வாரநாளைத் தேர்ந்தெடுங்கள்.

அருண், பெங்களூரு: மழை வந்தால்?

ஜூன் முதல் செப்டம்பர் வரை பிற்பகல் இடிமழை கிட்டத்தட்ட அன்றாடம். மழையைவிட மின்னல்தான் பிரச்சினை. மின்னல் அடித்தால் வெளியே ஓடும் டெஸ்ட் டிராக்கும், விடுதிகளிலிருந்து வரும் ஸ்கைலைனர் தொங்குவண்டியும் நின்றுவிடும். வானம் கறுத்ததும் லேண்ட் கட்டடத்துக்குள் போய்விடுங்கள். சோரின், லிவிங் வித் த லேண்ட் படகு, சாப்பாடு மூன்றும் ஒரே கூரையின் கீழ். மழைக்கோட்டை வெளியிலேயே வாங்கி வாருங்கள், உள்ளே பல மடங்கு விலை. மழை விட்ட முதல் அரை மணியில் பாதிப்பேர் கிளம்பியிருப்பார்கள், அந்த நேரத்தை விடாதீர்கள்.

சுதா, மெல்போர்ன்: இரவு வாணவேடிக்கையை எங்கே நின்று பார்ப்பது?

'லூமினஸ்' ஏரியின் நடுவில் நடப்பதால் கரை முழுக்கவே பார்க்கலாம். இடம் பிடிக்கும் முன் கொடிகளைப் பார்த்துக் காற்றின் திசையைக் கவனியுங்கள். காற்று உங்கள் முகத்தை நோக்கி வீசினால் பாதி நிகழ்ச்சி புகைக்குள் போய்விடும். கார் நிறுத்தியிருப்பவர்கள் மெக்சிகோவுக்கும் கனடாவுக்கும் இடைப்பட்ட முன்கரையில் நின்றால் சீக்கிரம் வெளியேறலாம். ஸ்கைலைனரில் போகிறவர்கள் பிரான்ஸ், பிரிட்டன் பக்கம் நில்லுங்கள். அவர்களுக்கான பின்வாசல் அங்கேதான். முடிந்ததும் ஓடாமல் இருபது நிமிடம் உட்கார்ந்துவிட்டுக் கிளம்பினால் வரிசை பாதியாகியிருக்கும்.

அதே சுதா: செல்ஃபி ஸ்டிக்?

தடை. பாதுகாப்புச் சோதனையிலேயே நிறுத்திவிடுவார்கள், விடுதியிலேயே வைத்துவிட்டு வாருங்கள். கையடக்க பவர்பேங்க் அவசியம். டிக்கெட், வரிசை நேரம், சாப்பாட்டு ஆர்டர் எல்லாமே போனில்தான்.