நான்கு முறை சர்வீஸுக்குப் போய்வந்த புதிய கார்: பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில் வசிக்கிறோம். 13 மாதங்களுக்கு முன் 42,000 டாலருக்கு வாங்கிய புதிய கார், நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருக்கும்போதே வேகம் இழந்து நின்றுவிடுகிறது. நான்கு முறை டீலரிடம் விட்டும் சரியாகவில்லை. இதுவரை 14,000 மைல் ஓடியிருக்கிறது. "டிரேட் இன் செய்துவிடுங்கள்" என்கிறார் டீலரின் மேலாளர், அதாவது இதைக் கொடுத்துவிட்டு வேறு கார் வாங்கிக்கொள்ளச் சொல்கிறார். பலமுறை பழுதுபார்த்தும் சரியாகாத புதிய காரை வாங்கியவரைக் காக்கும் லெமன் சட்டப்படி பணத்தைத் திரும்பப் பெறலாமா? இதே மாடலைப் பழைய காராக வாங்கிய என் கணவரின் தம்பிக்கும் இது பொருந்துமா?

பதில்: உங்களுக்கு வலுவான வழக்கு இருக்கிறது. 18 மாதம் அல்லது 18,000 மைல், இவற்றில் எது முந்துகிறதோ அதற்குள், உயிருக்கு ஆபத்தான கோளாறு என்றால் இரண்டு முறையும், மற்றக் கோளாறு என்றால் நான்கு முறையும் பழுதுபார்க்க வாய்ப்பளித்தும் சரியாகவில்லையென்றால், சட்டம் உங்கள் பக்கம் சாய்கிறது. நெடுஞ்சாலையில் நின்றுவிடும் கார் முதல் வகையைச் சேர்ந்தது. ஆனால் பணத்தைத் திருப்பித் தர வேண்டியவர் டீலர் அல்லர், தயாரிப்பு நிறுவனம். ஆகவே வாரண்டிப் புத்தகத்தில் உள்ள முகவரிக்கு இந்த வாரமே பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள்.

டிரேட் இன் யோசனைக்கு மட்டும் தயவுசெய்து இணங்காதீர்கள். அதில் உங்களுக்குக் கிடைப்பது சந்தை விலைதான். நிறுவனமே திரும்ப வாங்கினால் உரிமைப் பத்திரத்தில் அது லெமன் வண்டி என்று பதிவாகும். டிரேட் இன்னில் அந்தப் பதிவு இல்லாமலே அதே கார் இன்னொரு குடும்பத்தின் கைக்குப் போய்விடும்.

நீங்கள் அனுப்பிய தாள்களில் மூன்று ரிப்பேர் ஆர்டர்கள்தான் (டீலர் எழுதித் தரும் பழுதுபார்ப்புத் தாள்கள்) இருக்கின்றன. 3,000 மைலில் நீங்கள் முதன்முறை போனபோது, மென்பொருளைப் புதுப்பித்துவிட்டதாக வாய்மொழியாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். திருப்பித் தரும் தொகையில் நிறுவனம் கழித்துக்கொள்ளும் பங்கு, இந்தக் கோளாறுக்காக முதன்முறை வண்டியை விட்டபோது ஓடியிருந்த மைலை 1,20,000-ஆல் வகுத்து, காரின் விலையால் பெருக்கிக் கணக்கிடப்படுகிறது. இன்று மீட்டர் காட்டும் 14,000 மைலுக்கு இதில் இடமில்லை. 3,000 மைல் என்றால் கழிவு 1,050 டாலர். தாளில் உள்ள முதல் வருகை 6,000 மைலில் என்பதால், அது 2,100 டாலராகிவிடும். ஒரு தாள் வாங்காததன் விலை இது. அன்றைய குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ இருந்தால் தேடி எடுத்துவையுங்கள். இனி எப்போது போனாலும், "நெடுஞ்சாலையில் கார் நின்றது" என்று உங்கள் சொற்களிலேயே எழுதச் சொல்லி, வண்டியை விட்ட நாள், எடுத்த நாள், மைல் மூன்றும் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே கிளம்புங்கள். "கோளாறு தென்படவில்லை" என்று அவர்கள் எழுதினாலும் அந்த வருகையும் சான்றுதான்.

இன்னொரு எச்சரிக்கை. லெமன் வழக்கை முடித்துத் தருவதாக விளம்பரம் செய்து முன்பணம் கேட்கும் இடைத்தரகர்களை அண்டவிடாதீர்கள். நீங்கள் வென்றால் உங்கள் வழக்கறிஞரின் நியாயமான கட்டணத்தை நிறுவனமே கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அப்படியிருக்க, உங்களுக்கு வரும் தொகையிலும் பங்கு கேட்கும் ஒப்பந்தத்தில் ஏன் கையெழுத்திட வேண்டும்?

1970 முதல் இருந்துவரும் இந்தச் சட்டத்தை 2024-இல் திருத்தினார்கள். புதிய நடைமுறைக்கு உட்படுவதா வேண்டாமா என்பதை நிறுவனங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்று 2025-இல் மீண்டும் மாற்றினார்கள். காரைத் தயாரித்த நிறுவனத்தைப் பொறுத்து, நுகர்வோர் வழக்குத் தொடுப்பதற்கான கெடு மாறுவதை என்னால் எவ்விதத்திலும் ஏற்க முடியவில்லை. புதிய நடைமுறைக்கு உட்பட்ட நிறுவனமாக இருந்தால், அதனிடம் அபராதம் கோரி வழக்குத் தொடுப்பதற்குக் குறைந்தது 30 நாள் முன்னதாக எழுத்தில் அறிவிப்புத் தர வேண்டும். அதுவரை கார் உங்கள் வசமே இருக்க வேண்டும். டிரேட் இன் வேண்டாம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

உங்கள் கொழுந்தனாரின் நிலை வேறு. முதல் உரிமையாளரின் வாரண்டியில் மிச்சமிருக்கும் மாதங்களோடு வாங்கிய பழைய கார், இந்தச் சட்டத்தின் பார்வையில் புதிய கார் ஆகாது என்று கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில் தீர்ப்பளித்துவிட்டது. வாரண்டி இன்னும் உயிரோடு இருக்கிறதே என்று அவர் கேட்பார். இருக்கிறதுதான், பழுதை இலவசமாகப் பார்த்துத் தருவார்கள், ஆனால் லெமன் சட்டப்படி பணத்தைத் திரும்பக் கேட்க அது போதாது. அந்த விற்பனையின்போதே அவர் பெயருக்குப் புதிதாகப் புதுக்கார் வாரண்டி வழங்கப்பட்டிருந்தால் மட்டுமே கதவு திறக்கும். டீலரே ஓட்டிக் காட்டப் பயன்படுத்திய காரைப் புதுக்கார் வாரண்டியோடு விற்றிருந்தால், அதுவும் புதிய காராகவே கருதப்படும். ஆகவே அவர் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது விற்பனை ஒப்பந்தத்தோடு இணைந்த வாரண்டித் தாளை. அதில் மிச்ச வாரண்டி மட்டுமே குறிப்பிடப்பட்டிருந்தால், 1975-ஆம் ஆண்டின் மக்னசன்-மாஸ் என்னும் மத்திய வாரண்டிச் சட்டத்தின் கீழ் வழி உண்டா என்று ஒரு வழக்கறிஞரிடம் அவர் தனியாகக் கேட்க வேண்டும்.