சரிவுல தொடர்மாடி கட்டுறவங்களுக்கு: கேள்வி பதில்

கேள்வி (ஹட்டன்): அண்ணே, மேல ஒரு ரோட்டு, கீழ ஒரு ரோட்டு, நடுவுல எங்க காணி. அஞ்சு மாடி போடப் போறோம். கடைய எங்க வைக்கிறது?

பதில்: ரெண்டு ரோட்டுப் பக்கமும் வைங்க தம்பி. கொழும்பு பிளேன அப்படியே தூக்கிட்டு வராதீங்க. லெ கொர்புசியர்னு ஒரு கட்டிடக் கலைஞர் பிரான்ஸ்ல மார்செய்ல 1952ல முடிச்ச தொடர்மாடியில 7ம் 8ம் மாடியில ஒரு கடைத்தெருவே வச்சாரு, ஆனா ரோட்டுல போறவன் பாண் வாங்க அவ்வளவு உயரம் ஏறுவானா? நமக்கு மலையே அந்த வேலைய செஞ்சி குடுக்குது, உங்க நாலாம் மாடி மேல் ரோட்டு மட்டத்துல வரும், பேக்கரிய அங்க போடுங்க. ரெண்டு ரோட்டையும் சேர்க்கிற படிக்கட்ட பில்டிங் ஓரமா ஊர்ச்சனத்துக்கே விட்டுருங்க, பஸ்ஸுக்கு ஓடுறவங்க எல்லாம் அதுலதான் இறங்குவாங்க. வீட்டுக்காரங்களுக்கு வேற படி.

கேள்வி (பண்டாரவளை): அப்ப கண்டவனும் வாசலுக்கு வந்துருவானே?

பதில்: வரமாட்டான் அக்கா, நடுவுல இஸ்தோப்பு, அதான் வீட்டு முன் திண்ணை, இருந்தா. தோட்டத்து லயன் வீடுகள்ல பாருங்க, இஸ்தோப்புல யாரும் வந்து குந்தி வெத்தல போடலாம், கூப்பிடாம உள்ள யாரும் போறதில்ல. இப்ப கட்டுற பிளட்ஸ்ல கதவத் திறந்தா நேரா கொரிடோர், அதான் பிழை. கதவ நாலடி உள்ள தள்ளுங்க, ஒரு படி உயர்த்துங்க, இடுப்பளவு அரைச்சுவர் கட்டுங்க. நாலஞ்சு வீட்டுக்கு ஒரு முற்றம், குசினி ஜன்னல் அதப் பாத்து இருக்கணும். பிள்ளைங்க விளையாடுறதும் தெரியும், புது ஆள் வந்தாலும் தெரியும். கேமரா எல்லாம் பிறகு.

கேள்வி (நுவரெலியா): சிங்கப்பூர் மாதிரி கீழ் மாடிய சும்மா திறந்து விடலாமா?

பதில்: அங்க கல்யாணமும் சாவும் அந்த இடத்துலதான் நடக்குது, நல்ல யோசனைதான். ஆனா அது சூட்டு ஊரு, உங்க குளிருல நாலு பக்கமும் காத்து அடிச்சா யாரு நிப்பா? தென்மேற்குப் பக்கத்த அடைச்சி கிழக்க வெயிலுக்கு விடுங்க. மொட்டை மாடியில கண்ணாடித் தகரம் போட்டு உடுப்பு காயப்போட இடம் விட்டீங்கனா பொம்பளைங்க கதைக்கிற இடமே அதுதான் ஆகும். இன்னொன்னு, யாரும் கேக்க மாட்டாங்க, படிக்கட்டு திருப்பத்துல சவப்பொட்டி திரும்புமான்னு அளந்து பாருங்க.

கேள்வி (ஹட்டன்): பக்கத்து வீட்டுக்காரர் பொது நடைபாதையில அலமாரி வச்சிட்டாரு, கேட்டா என் வாசல்ங்கிறாரு.

பதில்: 1973ம் வருஷத்து 11ம் இலக்க தொடர்மாடி உரிமைச் சட்டப்படி பொது இடம் எல்லா உரிமையாளருக்கும் சேர்ந்தது. முகாமைக் கூட்டத்துல எழுத்துல குடுங்க.

கேள்வி (பதுளை): மண்ண வெட்ட ஆரம்பிக்கலாமா?

பதில்: தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்து அனுமதி கைக்கு வராம மண்வெட்டியே தூக்காதீங்க.