கடைத்தெருவில் நிற்பவர்கள்

அன்புள்ள அண்ணா,

கோவையில் சாப்பாடு டெலிவரி வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைதான் ஆர்டர் அதிகம். அன்று லாகின் பண்ணாவிட்டால் அந்த வார இன்சென்டிவ் போய்விடும். சர்ச்சில் ஞாயிறு பூசைக்குப் போய் ஆறு மாதமாகிறது. குருத்துவ, துறவற அழைப்புக்காக ஜெபிக்கும் இறையழைத்தல் ஞாயிறன்று சாமியார் வைத்த பிரசங்கத்தை அம்மா வந்து சொன்னார். கடவுள் அழைத்துக்கொண்டேதான் இருக்கிறாராம், நமக்குத்தான் காது கேட்கவில்லையாம். சுருக்கென்றது. புதிய போப் தொழிலாளர்களைப் பற்றியும் ஏஐ பற்றியும் பேசியதாகச் செய்தி பார்த்தேன். என்னை வேலை வாங்குவதே ஒரு ஆப். எனக்கெல்லாம் என்ன அழைத்தல்?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

முதலில் பூசை விஷயம். சனிக்கிழமை சாயங்காலப் பூசை கண்டாலே ஞாயிறு கடன் தீர்ந்தது என்பது திருச்சபைச் சட்டம். அதற்கும் வழியில்லாமல் வேலை நெருக்கினால் அது பாவக்கணக்கில் வராது. உங்கள் சாமியாரிடமே கேட்டுப்பாருங்கள்.

நீங்கள் பார்த்த செய்திக்கு வருகிறேன். 2025 மே 8 அன்று தேர்வான திருத்தந்தை, 14ஆம் லியோ என்று பெயர் வைத்துக்கொண்டார். அதற்கு முக்கியக் காரணம் 13ஆம் லியோ தொழிலாளர் நிலை பற்றி 1891இல் எழுதிய 'ரேரும் நோவாரும்' என்ற சுற்றுமடல் என்று இரண்டு நாள் கழித்துக் கர்தினால்களிடம் சொன்னார். அன்று ஆலைகள், இன்று செயற்கை நுண்ணறிவு என்பது அவர் போட்ட முடிச்சு.

அந்தப் பழைய மடலில் உங்களுக்கென்றே எழுதியதுபோல ஓர் இடம் இருக்கிறது. வேறு வழியில்லாமலோ, இதைவிட மோசமாகிவிடும் என்று பயந்தோ ஒருவன் கடினமான நிபந்தனைக்கு ஒத்துக்கொண்டால், அவன் வற்புறுத்தலுக்கும் அநீதிக்கும் ஆளானவன் என்கிறார் 13ஆம் லியோ. 'இஷ்டமிருந்தால் லாகின் பண்ணலாம்' என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஞாயிறு ஓய்வையும் அதே மடல் வலியுறுத்துகிறது. அப்படியானால் ஞாயிறு விஷயத்தில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்களா?

(இதைச் சொல்ல, திருச்சபைக்காரர்களான எங்களுக்கே கொஞ்சம் கூச்சம் வேண்டும். என் அப்பா கோயிலில் மறைக்கல்வி சொல்லித்தரும் உபதேசியார். கோயிலில் கொடுத்த சம்பளத்தில் மாதம் இருபது நாள்தான் ஓடும்.)

சரி, அழைத்தல். மத்தேயு நற்செய்தி 20ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன திராட்சைத் தோட்டக்காரர் கதை வரும். விடியற்காலையில் தொடங்கி ஐந்து தடவை கடைத்தெருவுக்குப் போய் ஆள் கூப்பிடுகிறார். சாயங்காலம் ஐந்து மணிக்கும் அங்கே சிலர் நிற்கிறார்கள். ஏன் நாள் முழுக்கச் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்டால், யாரும் எங்களைக் கூப்பிடவில்லையே என்கிறார்கள். ஒரு மணி நேரம் வேலை செய்த அவர்களுக்கும் ஒரு தெனாரியம், முழு நாள் கூலி. சின்ன வயதில் நான் கேட்ட பிரசங்கங்களில் எல்லாம் இது மோட்சத்தைப் பற்றிய கதை. காலை ஆறு மணிக்குத் தூக்குவாளியோடு நாற்சந்தியில் நிற்கும் சித்தாள்களைப் பார்த்த பிறகுதான், இது கூலியைப் பற்றிய கதையும்தான் என்று உறைத்தது. ஹோட்டல் வாசலில் மரத்தடியில் போனைப் பார்த்தபடி நிற்கும் உங்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்தத் தெருவில் நின்றவர்களுக்குக் காது நன்றாகவே கேட்டது.

இயேசுவின் சீடர்களில் பேதுருவுக்கு அழைப்பு வந்தது வலை வீசும்போது, மத்தேயுவுக்குச் சுங்கச்சாவடியில். கூப்பிட்டவர் வேலை நடக்கும் இடத்துக்கே போனார். உங்களைத் தேடினாலும் அந்த மரத்தடிக்குத்தான் வருவார் என்று நினைக்கிறேன்.

அப்புறம் ஒன்று. தொழிலாளர்கள் சங்கமாகச் சேர்வது அவர்கள் உரிமை என்பதும் அந்த மடலில் உண்டு. தமிழ்நாட்டில் உங்களைப் போன்றவர்களுக்கென 2023இல் தனி நலவாரியம் அமைத்தார்கள். பதிந்துவிட்டீர்களா? மரத்தடியில் பக்கத்தில் நிற்பவர்களையும் கேட்டுவிட்டு எழுதுங்கள்.